வரிசையில் நின்றவர்களுக்கான ஓலை

அக்டோபர் 11, சனி

இன்று எங்கள் வாக்கைப் பறித்தார்கள். சுற்றி வளைக்காமல் அப்படியே எழுதி வைக்கிறேன். ஐந்து மணிக்கு வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் ஓட்டு உண்டு என்பது இந்த நாட்டின் சட்டம். எங்கள் திருச்சபை மண்டபம்தான் வாக்குச்சாவடி. வரிசை கேட்டில் தொடங்கி, மதிலைச் சுற்றி, ரொட்டிக்கடையைத் தாண்டி நின்றது. ஐந்து அடித்ததும் கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டினார்கள்.

"நேரம் முடிஞ்சுது. கலைஞ்சு போங்க."

"சட்டம் தெரியுமா உங்களுக்கு?" என்று அதிகாரியைக் கேட்டேன்.

"தெரியும்மா. வீட்டுக்குப் போங்க."

தெரியாமல் செய்தவனுக்குச் சொல்லிப் புரிய வைக்கலாம். தெரிந்தே செய்கிறவனிடம் என்ன பேசுவது?

இன்னொன்று. அந்தப் பூட்டு அவர்களுடையது அல்ல. சபையின் பூட்டு. கேட்டார்கள், நம் செயலாளர் எடுத்துக் கொடுத்தார். இது எனக்கு ஆறவே ஆறாது.

வீட்டுக்கு வந்தால் தங்கை ஆரம்பித்தாள். "காலையிலேயே வான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கண்ணாடி வெட்டணும், பிரேம் மூலை ஒட்டணும்னு உக்காந்துட்டே."

ஐந்து மணி வரை என் உரிமை. விடிந்ததும் ஓட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? கேட்டேன். தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

போதகர் இன்று பொறுமையைப் பற்றிப் பிரசங்கித்தார். என்னைப் பார்க்காமலே பிரசங்கித்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் பிடித்துக்கொண்டேன். "ஐயா, அதிகாரிகளுக்காக ஜெபம் பண்ணீங்க. நல்லது. வெளியே நின்னவங்களுக்கு?"

"சபைக்குக் கட்சி கிடையாதும்மா."

"பூட்டுக்கு உண்டா?"

இருமினார். பதில் இல்லாத இடத்திலெல்லாம் அவருக்கு இருமல் வரும்.

அக்டோபர் 14, செவ்வாய்

முடிவை அறிவித்துவிட்டார்கள். பதவியில் இருந்த பழையவரேதான். வித்தியாசம் சொற்பம். நாடு முழுக்க வெளியே நிறுத்திய வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பார்த்தால் அந்த வித்தியாசத்தைவிட நீளமாக இருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். பேசிக்கொள்கிறார்கள், மெதுவாக. சந்தியில் கூடி நின்ற பையன்களைப் போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போனபிறகு இன்னும் மெதுவாக.

அக்டோபர் 15, புதன்

அரசு அலுவலகத்துக் குமாஸ்தா என் பிரேம் கடைக்கு வந்தார். ஜெயித்த பெரியவரின் புதுப் படம், எல்லா அறைகளிலும் மாட்ட வேண்டுமாம். கட்டு கட்டாகக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"ஓட்டு எண்ணி முடிக்காத ஆளுக்கு நான் பிரேம் போடுறதில்லை" என்றேன்.

"எண்ணியாச்சே அக்கா."

"என்னை எண்ணலையே."

அவர் பாவம், சம்பளத்துக்கு வருகிறவர். படங்களை அள்ளிக்கொண்டு, "நான் கேட்டதா நினைச்சுக்காதீங்க, நீங்க சொன்னதா நானும் நினைச்சுக்கலை" என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கை உள்ளே இருந்து கேட்டுவிட்டு, "இனிமே கல்யாண போட்டோகூட வராது" என்றாள். வராவிட்டால் போகட்டும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரும் சொல்லித் தந்து இந்தத் தொழிலுக்கு நான் வரவில்லை. நானாகக் கண்ணாடி வெட்டி, நானாகக் கையையும் வெட்டிக் கற்றுக்கொண்டது.

அக்டோபர் 16, வியாழன்

நம் சபை வக்கீல் பெண் கடைக்கு வந்தாள். இந்தத் தொகுதிக்காக வழக்குப் போடப் போகிறாள். கடைசித் தேதி நவம்பர் ஏழு. வரிசையில் நின்றவர்கள் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் மறுவாக்குப்பதிவு கேட்கலாமாம். இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

"எத்தனை பேர் வந்தாங்க?" என்றேன்.

"நீங்க ஒருத்தர், அத்தை. உங்களை நான் கூப்பிடக்கூட இல்லை."

மற்றவர்களிடம் போய்ப் பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூட வாத்தியாருக்கு மாற்றல் பயம். பஸ் டிரைவருக்கு வேலை பயம். ரொட்டிக்கடைக்காரர் சொன்னதுதான் உச்சம்: "நான் ரொட்டி வாங்குறவங்களைத்தான் பாத்தேன்மா, வரிசையைப் பாக்கலை." கடை வாசலை மறைத்துக்கொண்டு அவ்வளவு பேர் நின்றோம்!

யாரும் தனியாக வர மாட்டார்கள். முதல் ஆளாக நிற்கத்தான் பயம். எல்லோரும் ஒரே நேரத்தில் முதல் ஆளாக நிற்க ஏதாவது வழி வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

வழி கிடைத்தது. தங்கைதான் தெரியாமல் கொடுத்தாள். பாடகர் குழுப் பெண்ணுக்கு வருகிற ஞாயிறு முதல் ஓலை வாசிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓலை! கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று போதகர் வாசித்து, ஆட்சேபனை உள்ளவர்கள் எழுந்து சொல்லுங்கள் என்று கேட்பார். மூன்று முறையும் யாரும் எழுந்திருக்காவிட்டால் அது சபை முழுவதும் ஒத்துக்கொண்ட உண்மை. ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டாம், கை தூக்க வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். பயந்தவர்களுக்கு இதைவிட வசதி உண்டா? அதே மாதிரி, கேட்டைப் பூட்டியதையும் மூன்று ஞாயிறு வாசிக்கட்டும். மூன்று வாரம் ஒன்றாகச் சும்மா இருந்தவர்களுக்கு அதன்பிறகு ஒன்றாகக் கையெழுத்துப் போடத் தைரியம் வரும்.

சாயங்காலம் கமிட்டியில் போய்ச் சொன்னேன். செயலாளர் தலையில் கை வைத்தார். "ஓலைங்கிறது கல்யாணத்துக்கு. தேர்தலுக்கு யாராவது ஓலை வாசிப்பாங்களா?"

"கல்யாணத்துக்கு மட்டும்தான் உண்மை வேணுமா?"

வக்கீல் பெண் நேர்மையானவள். "கோர்ட்டுக்கு இது சாட்சியம் கிடையாது. ஆனா ஜனங்களோட பயத்துக்கு நல்ல மருந்து" என்றாள்.

போதகர் இருமுவார் என்று காத்திருந்தேன். இருமவில்லை.

"அன்னைக்கு நான் உள்ளே இருந்தேன். ஜன்னல் வழியா உங்க எல்லாரோட முகத்தையும் பாத்தேன். நான் கதவைத் திறக்கச் சொல்லலை. வாசகத்தை எழுதிக் கொடுங்கம்மா, வாசிக்கிறேன்."

அவரைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பாதிதான்.

அக்டோபர் 19, ஞாயிறு

முதல் ஓலை. பாடகர் குழுப் பெண்ணின் ஓலையை வாசித்து முடித்து, அதே குரலில், அதே நிதானத்தில் வாசித்தார்: "மாற்றத்துக்கு வாக்களிக்க வந்தவர்கள் என்பதால், ஐந்து மணிக்கு வரிசையில் நின்ற மக்கள் இந்த ஆலயத்தின் கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஆட்சேபனை உள்ளவர்கள் எழுந்து சொல்லுங்கள்."

ஒரு செருமல் சத்தம்கூட இல்லை. பஸ் டிரைவர் பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் எழுந்து போகவில்லை. போதும்.

கொழுந்தனார் மட்டும் ஆர்கன் பலகையில் இல்லை. அறிவிப்பு நேரத்தில் வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு அடுத்த பாட்டுக்கு வந்து உட்காருவது அவர் வழக்கம். என் கணவரின் தம்பி. ஆளுங்கட்சி. மூன்று தேர்தலாக எனக்கும் அவருக்கும் பேச்சில்லை. அதனால் அவர் இல்லாதது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

ஆராதனை முடிந்ததும் வக்கீல் பெண் இரண்டு மூன்று பேரைக் கேட்டாள். எல்லோரிடமும் ஒரே பதில்: "மூணாவது ஓலை முடியட்டும்." நிச்சயம் பேசிய வீட்டார் மாதிரி. நிஜக் கல்யாணம் என்றே நினைத்துவிட்டார்கள்.

அக்டோபர் 23, வியாழன்

போதகருக்கு மேலிடத்திலிருந்து ஒரு தொலைபேசி வந்ததாம். சபை நிலத்தின் பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்றார்களாம். "நிறுத்தப் போறீங்களா?" என்றேன். "பத்திரம் அலமாரியில இருக்கு, வந்து பாத்துக்கட்டும்" என்றார். மீதிப் பாதியையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

நாசமாய்ப் போயிற்று.

இரண்டாவது ஓலை. இன்று கொழுந்தனார் சிகரெட்டுக்குப் போகவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். போதகர் வாசித்து முடித்து ஆட்சேபனை கேட்டதும் ஆர்கன் பலகையை விட்டு எழுந்தார்.

"எனக்கு ஆட்சேபனை இருக்கு."

ஆலயம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சபை சரித்திரத்தில் ஓலைக்கு எவரும் எழுந்ததில்லை. பாடகர் குழுப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது, தன் கல்யாணத்துக்குத்தான் என்று பயந்துவிட்டாள்.

"மாற்றத்துக்கு ஓட்டுப் போட வந்தவங்களை நிறுத்தினாங்கன்னு வாசிச்சீங்க. ரொட்டிக்கடைக்கிட்ட நானும் நின்னேன். நான் மாற்றத்துக்கு வரலை, எல்லாருக்கும் தெரியும். என்னையும்தான் போகச் சொன்னாங்க. அதனால இந்த ஓலை பொய்."

உட்கார்ந்தார். அடுத்த பாட்டை வாசித்தார். ஒரு சுரம் பிசகவில்லை.

செயலாளர் உடனே விதியை எடுத்துவிட்டார்: ஆட்சேபனை வந்தால் வாசகத்தைத் திருத்தி முதல் ஓலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் மூன்றாவது ஓலைக்கு முன்னாலேயே நவம்பர் ஏழு போய்விடும். மூன்றாவது ஓலை முடியாமல் ஒருவரும் கையெழுத்துக்கு வர மாட்டார்கள். ஓலையின் விதியைக் கொண்டுவந்ததே நான். இப்போது விதி வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்?

அக்டோபர் 27, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. அந்த மனுஷன் வேணும்னே பண்ணிட்டான். வேணும்னே.

அக்டோபர் 28, செவ்வாய்

வக்கீல் பெண் வந்தாள். முகத்தில் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தை, அவர் நம்ம வழக்கைக் கெடுக்கலை. ஜெயிச்ச கட்சிக்காரரே எங்களை வெளியே நிறுத்துனாங்கன்னு சொன்னா, தோத்தவங்க புலம்புறாங்கன்னு யாரால சொல்ல முடியும்? எனக்கு வேண்டிய முதல் கையெழுத்தே அவரோடதுதான்."

"அப்ப நான் எழுதினது?"

"நீங்க எழுதினது கோபம். கோபத்தைப் பொய்யின்னு எதிராளி நிரூபிச்சிட்டா, பூட்டும் பொய்யாகிடும்."

மாற்ற மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். மாற்றத்துக்கு ஓட்டுப் போட வந்த இடம் என்பதால்தானே எங்கள் சாவடியைப் பூட்டினார்கள்? அது எனக்குத் தெரியும்.

தெரியும். ஆனால் பார்த்தேனா?

அக்டோபர் 29, புதன்

மத்தியானம் ஆலயத்துக்குப் போனேன். கொழுந்தனார் தனியாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"வாங்க அண்ணி. சண்டைக்கா, சமாதானத்துக்கா?"

"விசாரணைக்கு. ஏன் அப்படிப் பண்ணீங்க?"

ஆர்கன் கட்டைகளைத் துடைத்தார். "நீங்க தோத்தவங்க. உங்களுக்கு ஆத்திரம் வந்தா ஊருக்கே புரியும். நான் ஜெயிச்ச பக்கம். என் ஓட்டு இல்லாமலே என்னை ஜெயிக்க வெச்சுட்டாங்க. எங்க ஆபீஸ்ல வாழ்த்து வேற சொன்னாங்க. எனக்கு அது அவமானமா இருக்காதா? நான் எங்கே போய்ச் சொல்ல? உங்க ஓலையிலயும் எனக்கு இடமில்லை."

"எழுந்து நின்னு பொய்யின்னு சொல்றதுக்கு முன்னால என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்."

"மூணு தேர்தலா நீங்க வாசக்கதவைத் திறக்கலையே அண்ணி."

"நீங்க தட்டலையே."

சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து அவர் அடுத்த பாட்டை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து "மாற்றத்துக்கு வாக்களிக்க வந்தவர்கள் என்பதால்" என்ற வார்த்தைகளை அடித்தேன். இது திருத்தம் அல்ல. சுருக்கம். தங்கையிடமும் அப்படித்தான் சொன்னேன். "ஆமாம் ஆமாம், சுருக்கம்" என்றாள், வாயைப் பொத்திக்கொண்டு.

அக்டோபர் 30, வியாழன்

வாசகம் சரி. நாள்? அதற்கு வழியைப் போதகரே கண்டுபிடித்தார். அவசரக் கல்யாணங்களுக்குப் பேராயர் விசேஷ அனுமதி கொடுத்தால் ஒரே ஓலையோடு முடிக்கலாம். விதிக்குள்ளேயே இருக்கிற விதி. என் மனச்சாட்சிக்கும் இடைஞ்சல் இல்லை.

போதகர், செயலாளர், நான் மூவரும் பஸ் பிடித்துப் பேராயரைப் பார்க்கப் போனோம். அவர் எங்கள் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அவசரம்னு போட்டிருக்கீங்க. மாப்பிள்ளை வெளிநாடு போறாரா?"

செயலாளர் நெளிந்தார். நான்தான் சொன்னேன், ஆரம்பத்திலிருந்து. குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனார். நிலப் பத்திரம், தொலைபேசி எல்லாம் போதகர் சொன்னார். மறைக்கவில்லை.

"இதே மாதிரி கேட்டைச் சாத்தின சாவடி எத்தனை நம்ம சபை மண்டபங்கள்ல இருந்துச்சுன்னு தெரியுமா?" என்றார் பேராயர். எங்களுக்குத் தெரியாது. "எனக்கும் தெரியாது. யாரும் என்கிட்ட சொல்லலை. நானும் கேட்கலை."

பிறகு திரும்பி, "அனுமதி தர்றேன். உங்களுக்கு மட்டும் இல்ல. இந்த ஞாயிறு எல்லா ஆலயத்திலயும் வாசிக்கட்டும். அவங்கவங்க இடத்தில என்ன நடந்ததோ அதை மட்டும். கூட்டியும் வேண்டாம், குறைச்சும் வேண்டாம். எந்தக் கட்சிப் பேரும் வேண்டாம்" என்றார்.

கட்சிப் பேரை நான் நேற்றே எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது செயலாளர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இறங்கும்போது, "பூட்டை எதுக்குக் கேக்குறாங்கன்னு நான் கேக்கலை, அக்கா" என்றார். "அதை ஞாயித்துக்கிழமை சொல்லுங்க" என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

ஒரே ஓலை. போதகர் வாசித்தார்: "வரிசையில் நின்ற மக்கள், யாருக்கு வாக்களிக்க வந்தார்கள் என்று எவரும் கேளாமலே, இந்த ஆலயத்தின் கேட்டுக்கு வெளியே, இந்த ஆலயத்தின் பூட்டினால் நிறுத்தப்பட்டார்கள். ஆட்சேபனை உள்ளவர்கள் எழுந்து சொல்லுங்கள்."

எல்லோருடைய கண்ணும் ஆர்கன் பக்கம் போனது. கொழுந்தனார் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்தார்கள், ஆளுங்கட்சிக்காரர்கள், எழுந்து கதவைத் திறந்து வெளியே போனார்கள். ஆட்சேபனை என்று சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை, அவர்களும் அன்று வரிசையில் நின்றவர்கள்.

ஆராதனை முடிந்து மண்டபத்தில் வக்கீல் பெண் மேசை போட்டு உட்கார்ந்தாள். முதலில் போய் நின்றது கொழுந்தனார். அடுத்து செயலாளர். "அந்தப் பூட்டு என் கையால குடுத்தது. அதையும் சேர்த்து எழுதுங்க." மூன்றாவது நான். நான் முதலில் நிற்க வேண்டியவள், ஆனால் முட்டிவலி. அப்புறம் வாத்தியார், பஸ் டிரைவர், பாடகர் குழுப் பெண், அவள் கட்டப்போகிற பையன். ரொட்டிக்கடைக்காரரும் வந்தார்.

"வரிசையைப் பாக்கலைன்னீங்க?" என்றேன்.

"இப்ப ஞாபகம் வந்துடுச்சு அக்கா. ரொம்ப நீளமா இருந்துச்சு."

நவம்பர் 4, செவ்வாய்

மண்டபம் நாள் முழுக்கத் திறந்தே இருக்கிறது. வேறு தெருக்களிலிருந்தெல்லாம் ஆட்கள். ஒரு தையற்காரர் குடும்பத்தோடு வந்து வாசலிலேயே தயங்கி நின்றார். "நாங்க உங்க சபை இல்ல. உங்க சாமியும் இல்ல. உள்ளே வரலாமா?"

போதகர், "வரிசையில நின்னீங்களா?" என்றார்.

"நின்னோம்."

"அப்ப இந்தப் பக்கம் வாங்க." அவரே நாற்காலி எடுத்துப் போட்டார்.

நவம்பர் 6, வியாழன்

வழக்குப் பதிவாகிவிட்டது. வேறு பல ஆலயங்களிலிருந்தும் பதிவாகியிருக்கிறது.

நவம்பர் 19, புதன்

கடைக்குக் கல்யாண போட்டோ ஒன்றும் வரவில்லை. தங்கை சொன்னது பலித்தது. பாடகர் குழுப் பெண்ணின் படம் மட்டும் வந்தது. தேக்குச் சட்டத்தில் போடுகிறேன், கருத்த ஈட்டி மரம் போட்டால் அவள் முகத்துக்கு இருட்டடிக்கும்.

டிசம்பர் 4, வியாழன்

தீர்ப்பு. வரிசையை நிறுத்திய சாவடிகளில் மட்டும் மறுவாக்குப்பதிவு. எங்கள் சாவடியும் உண்டு. அதை எண்ணி முடிக்கும்வரை யாரும் பதவி ஏற்கக் கூடாது. முடிவு மாறுமா என்று கேட்டேன். "தெரியாது அத்தை. மாறாமலும் இருக்கலாம்" என்றாள் வக்கீல் பெண். இருக்கலாம். என்னையும் எண்ணிவிட்டு அவரே ஜெயித்தால் படத்துக்கு நானே பிரேம் போட்டுத் தருகிறேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டுத் தருவேன்.

டிசம்பர் 12, வெள்ளி

நாளை மறுவாக்குப்பதிவு. செய்ய வேண்டியவை, செய்ய வேண்டியவர்கள்:

போதகர்: விடிந்ததிலிருந்து மண்டபத்துக்குள் அல்ல, கேட்டில் நிற்க வேண்டும். ஒப்புக்கொண்டார்.

செயலாளர்: சபையின் பூட்டு, சாவி எதுவும் யாருக்கும் இரவல் இல்லை. யார் கேட்டாலும், ஏன் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

வக்கீல்: ஐந்து மணிக்கு வரிசையின் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். வாயைத் திறக்க வேண்டிய வேளையில் திறக்க வேண்டும்.

ரொட்டிக்கடைக்காரர்: வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தண்ணீர். அவரே சொன்னது, நான் கேட்கவில்லை.

பஸ் டிரைவர்: நடக்க முடியாதவர்களை வீட்டிலிருந்து அழைத்து வர வேண்டும். எந்த வீடு எந்தக் கட்சி என்று பார்க்கக் கூடாது.

தங்கை: அக்டோபரிலேயே ஓட்டுப் போட்டவள்தான், ஆனால் எல்லோருக்கும் மறுபடி உண்டு. சொல்லிக் காட்டாமல் வர வேண்டும்.

கொழுந்தனார்: வரிசையில் எனக்கு முன்னால் நிற்க வேண்டும். அவர் யாருக்குப் போடுவார் என்று எனக்குத் தெரியும். போடட்டும். அவர் உள்ளே போய், போட்டுவிட்டு வெளியே வருவதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். அதன் பிறகு நான்.